பக்தர் கால் படுகிற தெரு

திருத்தணி மலைப்படிக்கட்டின் அடியில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறவள் ரஞ்சிதம். பாதத்தைப் பார்த்தே ஆள் எந்த ஊர் என்று சொல்லிவிடுவாள். அம்மையார்குப்பத்து நெசவாளி ஒருவரின் செருப்பைப் பார்த்து, அவர் தறியில் அன்று ஓடிய சேலையின் நிறத்தையே சொன்னாளாம். இதில் கொஞ்சம் கூட்டல் இருக்கலாம். ஆனால் அவள் தெருக் கொசு இருக்கிற பருமனுக்கு, அதற்கும் செருப்பு இருந்தால் டோக்கன் போடலாம் என்பதில் கூட்டலே கிடையாது.

மேல்தெருக்காரர்கள் குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் சரிவில் இறங்கி, அவள் தெருச் சாக்கடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்காது. மேலே குப்பை வண்டி தவறாமல் வரும், கீழே காய்ச்சல் தவறாமல் வரும். மூட்டை தூக்குகிறவர்களும் சித்தாள்களும் குடியிருக்கிற தெரு. புகார் சொல்லப் போனால் அன்றைய கூலி போய்விடும்.

மகள் யுவஸ்ரீயைக் கொடுத்திருப்பது அதே மேல்தெருவில்தான். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு அழைக்கப் போனால், சம்பந்தி தேவகி கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. போன வருஷம் உங்க தெருவுல டெங்கு வராத வீடு எது? சாக்கடை சரியாவட்டும், நானே கூட்டினு வந்து விடறேன்.”

சண்டை போடலாம் என்றால் அவள் சொன்னது நிஜமாகப் போய்விட்டது.

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. துப்புரவு மேஸ்திரி கங்காதரன் அடிவாரமெங்கும் பிளீச்சிங் பவுடர் தூவவைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க தெருவுக்கும் ரெண்டு கூடை போடு நைனா.”

“பக்தருங்க கால் படற எடத்துக்குத்தான் உத்தரவும்மா. உங்க தெருவுல யார் கால் படுது?”

“நாங்க இன்னா, பறந்துகினா போறோம்?”

கங்காதரன் சிரித்தபடி நகர்ந்துவிட்டார். ரஞ்சிதம் அவர் வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் அவள் இடம் காலி. அங்கே ஓர் அட்டை மட்டும்: ‘செருப்புப் பாதுகாப்பு இலவசம்’. பக்கத்தில் பெரிய அம்புக்குறி, அவள் தெருவைப் பார்த்து. இலவசம் என்றால் கேட்க வேண்டுமா? பள்ளிப்பட்டிலிருந்து வந்த காவடிக் கூட்டம் மேளத்தோடு அந்தச் சந்துக்குள் திரும்பியது. சாக்கடைக்கே ஆட்டம் வந்துவிட்டது என்றார்கள் பார்த்தவர்கள்.

கங்காதரன் மூச்சிரைக்க ஓடிவந்தார். “இன்னாம்மா இது, ஜனம் இங்க வந்துகினு இருக்குது?”

“பக்தர் கால் பட்டுகினு இருக்குது நைனா. உத்தரவு ஞாபகம் இருக்குதா?”

சாயங்காலத்துக்குள் சாக்கடை வாரப்பட்டது. தெரு, மாவு கொட்டியதுபோல் வெளுத்தது. பாதி கொசு ஆந்திராப் பக்கம் குடிபோய்விட்டதாகப் பேச்சு.

கிருத்திகையன்று செருப்பு விட வந்த தேவகி, மூக்கைச் சுளிக்கத் தயாராக நுழைந்து, சுளிக்க ஒன்றுமில்லாமல் நின்றாள்.

“திருவிழா முடிஞ்சா பழையபடிதானே சம்பந்தி?”

“மாசாமாசம் கிருத்திகை வருதுங்களே. கடை இனிமே இங்கதான்.”

தேவகி சாக்கடையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். “அப்ப நாளைக்கே யுவஸ்ரீயக் கூட்டினு வரேன்.”

“ஆங், வாங்க. அவ செருப்புக்கு மட்டும் டோக்கன் தரமாட்டேன். குடுத்தா, அதக் காட்டி அவளச் சீக்கிரமே திரும்பக் கேட்டுடுவீங்க.”