காய வைத்த சுவர்

கூடலூரிலிருந்து குமுளிக்கு மலையேறும் ஜீப்புகளில் ஒன்று என் பெரியம்மா மகன் ஈஸ்வரபாண்டியுடையது. பதினாலு வருஷமாகக் கொத்தனார்களைக் காலையில் ஏற்றிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து இறக்குகிறார். போன வாரம் அவருக்கே ஒரு கொத்தனார் தேவைப்பட்டது. மலைக்கு மேலே கேரளத்தில் ஓணத்துக்கு முன் முடித்தாக வேண்டிய வேலைகள் என்று எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

மகள் சினேகாவுக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவமாகி, குழந்தை தேனி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை அனுப்புவதாகச் சொன்ன டாக்டர், தூசியோ ஈரமோ உள்ள அறையில் படுக்க வைக்கவே கூடாது என்றிருந்தார். வீட்டில் இருப்பதோ ஓர் அறை, ஓர் அடுப்படி. குழாய்க் கசிவில் ஊறிய அறைச் சுவர் காரை காரையாக உதிர்ந்துகொண்டிருந்தது. குழாயை அடைத்தாகிவிட்டது. பூச ஆளில்லை.

தானே பூசுவது என்று இறங்கினார். ஜீப்பில் காதில் விழுந்த பேச்சுதான் அவர் படித்த படிப்பு. செவுரு காயாமல் பூசக் கூடாது என்று கொத்தனார்கள் அடிக்கடி சொல்வார்கள். பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, இரண்டு நாள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். ஆவணிக் காற்று வேறு. செவ்வாய்க்கிழமை பூசி முடித்து, வீடியோ காலில் காட்டினார். வழவழவென்று இருந்தது. தோஹாவில் உட்கார்ந்துகொண்டு, நல்லாருக்குண்ணே என்றேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

விடிந்து பார்த்தால் அத்தனையும் பாளமாகத் தரையில் கிடந்தது.

அன்று மலை வளைவில், அவர் நகத்தில் ஒட்டியிருந்த சிமெண்டைப் பார்த்துவிட்டுப் பொன்னுராஜ் கொத்தனார் கேட்டார்.

"செவுத்துக்குத் தண்ணி காட்டுனீகளா?"

"காய வச்சுல்ல பூசுனேன்."

ஜீப்பே சிரித்தது.

"அண்ணே, அது மலைக்கு மேல, மழையில ஊறிக் கெடக்குற செவுத்துக்கு. நம்மூருச் செங்கல்லு கலவைத் தண்ணியக் குடிச்சுப்புட்டு உதறிவிட்ரும். மொதல்ல அதுக்குக் குடிக்கக் குடுங்க. பூசுன பெறகும் ஏழு நாளு நனைக்கணும்."

வெள்ளிக்கு இரண்டே நாள் இருக்க, ஏழு நாள் என்றதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டாராம்.

புதன் சாயங்காலம் நனைத்து மறுபடி பூசினார். வெள்ளிக்கிழமை குழந்தை வந்தது. அடுப்பைப் பின்புறத் தகரத்துக்கு அடியில் மாற்றி, தாயையும் பிள்ளையையும் அடுப்படியில் படுக்க வைத்தார்கள். நடுவில் ஒரு கதவு. அதன் இடுக்கில் பழைய சேலையைத் திணித்திருக்கிறார். நனைத்தால் ஈரம். நனைக்காவிட்டால் மறுபடி விழும், தூசி.

நேற்று சனிக்கிழமை கூப்பிட்டார்.

"தம்பி, தட்டுறேன் கேளு. உள்ள பொள்ளலாக் கேக்குதா?"

தட்டினார். பூச்சு ஒட்டியிருக்கிறதா, உள்ளே வெற்றிடமா என்று அந்தச் சத்தத்தில் எனக்குப் பிடிபடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை இருமியது. அவர் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அண்ணே" என்றேன்.

"இன்னும் நாலு நாளு" என்றார். வாளிக்குள் மக் முங்கும் சத்தம் கேட்டது.