மேலதிகாரி பெயர் வைத்த பூச்சி

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு பத்து. குன்னூரில் தூறலும் மூடுபனியும். எங்கள் வாசல் விளக்கடியில் ஒரு பூச்சி ஒட்டியிருந்தது. கரும்பச்சை, இளம்பச்சை, வெள்ளை, இடையில் ரோஜா நிறம். ராணுவ உடுப்புத் துணியில் கல்யாணச் சட்டை தைத்தது போல.

படமெடுத்துத் தெரு வாட்ஸப் குழுவில் போட்டேன். பதினேழு பதில்கள், ஐந்து வெறும் இரவு வணக்கம். எங்கள் தெருவில் எல்லோரும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள். யார் எந்தப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றாரோ அந்த வரிசையில்தான் இன்றும் உண்மை முடிவாகிறது. மூன்றாம் வீட்டு மேலதிகாரி, "அபூர்வமான வெளிநாட்டு வண்ணத்துப்பூச்சி" என்று எழுதினார். உடனே பதினொரு கும்பிடு கைகள் விழுந்தன.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். இரவில் பறக்கும் அந்துப்பூச்சி அது, இந்த ஊர்க்காரனேதான். அதன் புழு அரளியும் நந்தியாவட்டையும் தின்னும். மறுநாள் காலை நடையில் அவரிடம் சொன்னேன்.

"நீங்க ஸ்டோர்ஸ்ல ஆணி எண்ணுனவருங்க. பூச்சி வேற, ஆணி வேறங்க," என்றார். கூட நடந்தவர்கள் சிரித்தார்கள், பதவி வரிசைப்படி.

அந்த வாரமே எங்கள் நந்தியாவட்டையில் புழுக்கள் தெரிந்தன. என் மனைவியின் பூஜைக்கு இருந்த ஒரே பூச்செடி. அவள் வேப்பெண்ணெய்க் கரைசலோடு வந்தாள். தடுத்துவிட்டேன். புழு பூச்சியானால்தானே நிரூபணம்?

"ஏனுங்க, அவரு தப்புன்னு காட்ட எஞ் செடியா?" என்றாள்.

ஏழு புழுக்கள். பச்சை உடம்பு, முன்பக்கம் இரண்டு நீலப் பொய்க்கண்கள். பறவைகளை மிரட்டவாம், என் மனைவி மிரளவில்லை. இலையும் மொட்டும் போய்ச் செடி குச்சியானது. கடைசியில் புழுக்களை மண் போட்ட வலைப்பெட்டியில் விட்டேன். ஐந்து கூட்டுப்புழுவாயின.

நவம்பர் 24 மாலை முதல் பூச்சி வெளிவந்தது. அதே பச்சை, அதே ரோஜா. மேலதிகாரியை அழைத்துக் காட்டினேன். பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி குனிந்து பார்த்தார்.

"அந்துப்பூச்சிதானுங்க. நான் அன்னிக்கே சொன்னேனுங்களே!"

குழுவிலும் அப்படியே எழுதினார். மறுபடி பதினொரு கும்பிடு.

"பூச்சிக்குப் பேரு கெடச்சுதுங்க, சாமிக்குப் பூ?" என்றாள் மனைவி.

கடைப்பூ முப்பத்தாறு நாள், நாளுக்கு இருபது வீதம் எழுநூற்று இருபது. வலைப்பெட்டி நூற்றெண்பது. அவர் தின்ற பிஸ்கட் முப்பது. ஆக மொத்தம் ரூபாய் தொள்ளாயிரத்து முப்பது.