டாக்டர் இல்லைங்க

பிரசவ அறையில் வேலை பார்க்கும் அந்த ஆண் நர்ஸுக்குப் பெயருக்குப் பஞ்சமில்லை. யாராவது விசாரித்தால் மாமனார், "மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். டீக்கடை நண்பர்களுக்கு அவர் 'மருத்துவச்சி'. வலியில் துடிக்கும் பெண்கள் பழக்கதோஷத்தில் "சிஸ்டர்" என்று கத்துவார்கள். அதற்கும் "இதோ வந்துட்டேம்மா" என்று ஓடுவார். ஒரே ஒரு பட்டத்தை மட்டும் ஏற்கமாட்டார். "டாக்டர்" என்று யாராவது கூப்பிட்டால், அந்த இடத்திலேயே "டாக்டர் இல்லைங்க" என்று திருத்திவிடுவார். சும்மா கிடைக்கிற மரியாதையை வேண்டாம் என்று சொல்ல ஒரு வீம்பு வேண்டும். அது அவரிடம் நிறையவே இருந்தது.

அந்த வீம்புக்கு ஒரு மதியம் சோதனை வந்தது. டாக்டரும் இன்னொரு நர்ஸும் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார்கள். கட்டிலில் தலைப்பிரசவத்துக்காரி. குழந்தையின் தலை தெரிந்துவிட்டது. ஆனால் அதன் இதயத் துடிப்பு மந்தமாகிக்கொண்டே போனது. கையுறையோடு அவர் நெருங்க, பெண்ணின் அம்மா குறுக்கே வந்தாள்.

"நீங்க டாக்டர்தானே?"

'ஆமா' என்றால் போதும், விலகிவிடுவாள்.

"டாக்டர் இல்லைங்க. பிரசவம் பாக்குற நர்ஸ்."

"ஆம்பளையா பிரசவம் பாக்குறது? வேணாம் தம்பி. டாக்டரம்மா வரட்டும்."

"அதுவரைக்கும் குழந்தை தாங்காதும்மா."

அவள் அசையவில்லை. உதவிக்கு நின்ற ஆயா கையைப் பிசைந்தாள். துடிப்பு இன்னும் இறங்கியது. அம்மாவைத் தள்ளிவிட்டுப் போகலாம். ஆனால் கட்டிலில் இருக்கும் பெண்ணின் சம்மதமில்லாமல் அவர் எந்தப் பிரசவத்திலும் கை வைத்ததில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் கட்டிலில் இருந்தவளிடம்.

"அம்மா, தள்ளிப் போ" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நீங்க பாருங்கண்ணே."

தொடுவதற்கு முன் சொல்வது அவர் வழக்கம். அந்த அவசரத்திலும் அது மாறவில்லை. "இப்போ கை வைக்கிறேம்மா." தலை வெளியே வந்தது. கழுத்தைச் சுற்றித் தொப்புள்கொடி. "முக்காதீங்க. வாயால ஊதுங்க. கொடிய எடுக்கறேன்." விரலை நுழைத்துத் தலைவழியாகக் கழற்றினார். "இப்போ முக்குங்க."

குழந்தை வந்தது, நீலம் பாரித்து, சத்தமில்லாமல். துண்டால் முதுகைத் தேய்த்தார். அழு தங்கம், அழு. பெண்ணின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் தேய்த்தார். ஒரு தும்மல், பிறகு அறையே அதிர அழுகை.

கொஞ்ச நேரம் கழித்துப் பெண்ணின் கணவனை உள்ளே விட்டார்கள். பெண்ணின் அம்மா முந்திக்கொண்டாள். "டாக்டரம்மாதான் பாத்தாங்க, மாப்ள."

துணியில் சுற்றிய குழந்தையோடு நின்ற அவருக்குச் சுருக்கென்றது.

"இல்லங்க" என்றாள் கட்டிலில் இருந்தவள், ஈனஸ்வரத்தில். "இவருதான் பாத்தாரு."

கணவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். கண் கலங்கியது. "உங்கள என்னன்னு சொல்றது சார்?"

அது இல்லை, இது இல்லை என்று சொல்லியே பழகிய வாய், கொஞ்சம் தடுமாறியது.

"உங்க புள்ள பொறந்தப்போ கூட இருந்தவன்னு சொல்லுங்க."

குழந்தையைப் பெண்ணின் அம்மாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"உங்க கையாலயே மாப்ளகிட்ட குடுங்க தம்பி" என்றாள்.