ரப்பர் பேண்டு போட்ட மணிக்கூண்டு

முதலில் பழுதானது கன்ட்ரோலர் என்றுதான் நினைத்தேன்.

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சிறிய கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா நகல், வருமானச் சான்று, ஜெராக்ஸ் என்று காலை முழுக்கக் கூட்டம் இருக்கும். தக்காளி மண்டிக்கு வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகு மதியத்தில் கொஞ்சம் ஓயும். அந்த நேரத்தில் கதவை ஒருக்களித்துவிட்டு, பொத்தான் வைத்த கன்ட்ரோலரைக் கையில் பிடித்து வீடியோ கேம் விளையாடுவேன். நாற்பதை நெருங்கும் பெண்ணுக்கு என்ன விளையாட்டு என்று கேட்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அன்று ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. நான் தூக்கத்தில்கூடத் தாண்டிவிடும் பள்ளம். திரும்பத் திரும்ப விழுந்தேன். கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது, ஆனால் தாமதமாக. விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. ஒசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் என் தம்பி லோகேஷுக்குப் போன் போட்டு, "டேய், நீ வாங்கிக் குடுத்த கன்ட்ரோலர் போயிடுச்சுடா" என்று திட்டினேன். அவனும் உடனே புதிதாக ஒன்று ஆர்டர் போட்டுவிட்டான்.

மறுநாள் மாலை பேருந்துப் படியில் கால் ஏறவில்லை. "ஏறுங்கம்மா, நேரமாவுது" என்றார் கண்டக்டர். பின்னால் நின்ற பெண் இடுப்பில் கை கொடுத்துத் தள்ளிவிட்டாள். அதற்கடுத்த நாள் காலையில் டீ டம்ளர் கையிலிருந்து நழுவியது. என் கணவர் தக்காளி லோடு இறக்கிய டெம்போவிலேயே என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தர்மபுரிக்கு ஓட்டினார்.

மருத்துவர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவில்லை. "சமீபத்துல வயித்துப்போக்கு, காய்ச்சல் ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்டார். ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது உண்மைதான். லம்பர் பங்க்சர் (முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். கில்லன் பாரே சிண்ட்ரோம் என்றார்கள் (கிருமியை விரட்டக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த நரம்புகளின் மேலுறையையே தாக்குவது). இம்யூனோகுளோபுலின் (பலருடைய இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள்.

"பெரும்பாலும் சரியாயிடும்மா. ஏறும்போது வேகமா ஏறும், எறங்கும்போது மெதுவாத்தான் எறங்கும். பயப்படாதீங்க" என்றார் மருத்துவர். அவர் சொன்ன மாதிரியே வேகமாக ஏறியது. கால், இடுப்பு, கை, கடைசியில் மூச்சு. தொண்டைக்குள் குழாய் விட்டு வென்டிலேட்டரில் (நமக்குப் பதில் மூச்சு விடும் இயந்திரம்) வைத்தார்கள்.

இந்த இடத்தில் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெயரை எழுதப் போவதில்லை. அதைச் செய்தவர்கள் எனக்கு ஒரு டீ கூட வாங்கித் தந்ததில்லை. லாந்தர் விளக்கு ஏந்திய ஒரு சிறுமி, இடிந்த ஊர் ஒன்றில் மேடைக்கு மேடை தாவிப் போகிறாள். ஒரு பொத்தானை அழுத்தினால் காலம் பின்னால் போகும். விழுந்த பாலம் எழுந்து நிற்கும், கொட்டிய தண்ணீர் குடத்துக்குள் திரும்பும். எதை, எப்போது பின்னுக்கு இழுப்பது என்பதுதான் புதிர். அதில் அச்சீவ்மென்ட் (குறிப்பிட்ட ஒன்றைச் செய்து முடித்தால் நம் கணக்கில் ஏறும் பதக்கம்) என்று உண்டு. ஒன்று விடாமல் வாங்குவது என்று இறங்கி, கிட்டத்தட்ட முடித்தும்விட்டேன்.

பாக்கி நின்றவற்றில் பெரியது மணிக்கூண்டு. சரிந்து கிடக்கும் கல் மணிக்கூண்டை, பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்து, கல் கல்லாக எழுப்ப வேண்டும். ஆமை வேகத்தில் எழும். நடுவில் விரல் தளர்ந்தால் மொத்தமும் சரிந்துவிடும். நான் பாதியைத் தாண்டும்போதெல்லாம் யாராவது உள்ளே வந்து, "மேடம், ஆதார்ல பேரு மாத்தணும்" என்று நிற்பார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் என்னை யாரோ திருப்பிப் படுக்கவைத்தார்கள். யாரோ பல் துலக்கினார்கள், யாரோ தலை வாரினார்கள். இமைகூட முழுதாக மூடாததால் தூங்கும் நேரத்தில் கண்ணுக்கு டேப் ஒட்டிவிடுவார்கள். சென்டரைக் கணவர் ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டார், பிள்ளைகளை அம்மா பார்த்துக்கொண்டாள். நான் செய்ய வேண்டியது என்று எனக்கு மிச்சமிருந்தது மணிக்கூண்டு மட்டும்தான். கூரையைப் பார்த்தபடி மனதுக்குள் அதை எழுப்பிக்கொண்டு கிடப்பேன். எழுந்து போய் என் கட்டைவிரலால் அதை முடித்துவிட வேண்டும், அது ஒன்றுதான் எண்ணம்.

ஒரு நாள் பார்வையாளர் நேரத்தில் லோகேஷ் வந்து நின்றான். தலை மொட்டை. அப்பா போய்ப் பல வருடமாகிறது. அப்படியென்றால் அம்மா. என் கவலையிலேயே அம்மா போய்விட்டாள் என்று நினைத்தேன். கேட்க வழியில்லை, தொண்டையில் குழாய். மானிட்டரில் இதயத் துடிப்பு எகிறி, செவிலியர் ஓடிவந்தார். அப்போது அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"தீர்த்தமலைக்குப் போயி உன் பேருக்கு மொட்ட போட்டுட்டு வந்துட்டேன்க்கா" என்றான் லோகேஷ். பிறகு செல்போனை என் கண்ணுக்கு நேரே பிடித்தான். "இது ஒண்ணு பாரு. உன் கேமையும் முடிச்சிட்டேன். நூத்துக்கு நூறு! அந்த மணிக்கூண்டுதான் இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. பட்டன் மேல ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிட்டு போண்டா சாப்பிடப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா நிக்குது. இனி எதப் பத்தியும் நெனைக்காத, நிம்மதியாத் தூங்கு."

கட்டிலின் மறுபக்கம் நின்ற என் கணவர், "பாரு மச்சான், கண்ணுல தண்ணி வருது. சந்தோசம்" என்றார்.

சந்தோஷமாம்! எனக்கு வயிறு எரிந்தது. ஒரு விரல் அசைந்திருந்தால்கூட அவன் காதைப் பிடித்துத் திருகியிருப்பேன். எனக்கென்று இருந்த ஒன்றையும் பறித்துக்கொண்டு, அதை எனக்கே பரிசாகக் காட்டுகிறான். அதுவும் ரப்பர் பேண்டு போட்டு. உயிரோடு எழுந்தே தீர வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். பிள்ளைகளுக்காக, கணவருக்காக என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பொய் சொல்ல மாட்டேன். லோகேஷை ஒரு வழி பண்ண வேண்டும், அதற்காகத்தான்.

குழாயை எடுத்து, குரல் திரும்பியபோது நான் சொன்ன முதல் வார்த்தை "ரப்பர் பேண்டு". என் கணவர் செவிலியரிடம் போய், தலைமுடி கண்ணில் விழுகிறது போல என்று சொல்லி ஒன்றை வாங்கிவந்து, என் முடியைச் சேர்த்துக் கட்டிவிட்டார்.

இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பொறுமையாக இருக்கச் சொல்வார்கள். நீங்கள் யார் மீதாவது கோபம் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக இறங்கும் நோய்க்கு, சீக்கிரம் ஆறாத கோபம் நல்ல துணை. எனக்கு முதலில் தோள் வந்தது, பிறகு இடுப்பு, பிறகு முழங்கால். விரல்கள் கடைசி. இரும்புக் கம்பியைப் பிடித்து நிற்கவைத்த பிசியோதெரபி மேடம் ஒரு நாள் கேட்டார்: "இப்பிடி மொறைச்சுக்கிட்டே எக்சர்சைஸ் பண்றவங்கள நான் பாத்ததில்லீங்க. யாரு மேல கோவம்?"

"என் தம்பி மேலங்க."

"நல்லதுங்க. இன்னொரு தடவ கையத் தூக்குங்க."

வீட்டுக்கு வந்து, சுவரைப் பிடிக்காமல் நடக்கத் தொடங்கிய பிறகு, லோகேஷ் லீவில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை உட்காரவைத்துக் கேட்டேன். "எதுக்குடா அதத் தொட்ட?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். "நீ மெஷின்ல இருந்தப்ப அம்மா அரூர் பக்கம் போயி குறி கேட்டாங்க. உம் பேர்ல பாக்கி நிக்குதாம், அதத் தீர்த்தா எழுந்து நடப்பியாம். சின்ன வயசுல உனக்கு வேண்டிக்கிட்ட மொட்டதான் அதுன்னு அம்மா சொன்னாங்க. எனக்கு அது மட்டும்தான்னு தோணல. நீ வேற என்னா பாக்கி வெச்சிருக்கன்னு யோசிச்சுப் பாத்தேன். கேம்தான் ஞாபகம் வந்துச்சு. ஒண்ணுகூட நிக்கக் கூடாதுன்னு லீவு போட்டு முடிச்சேன்க்கா."

இந்த இடத்தில் அக்கா உருகி அழுதாள் என்று எழுத வேண்டும். நான் உருகவில்லை. பயந்துபோய்ச் செய்திருக்கிறான் என்று புரிந்தது. புரிந்த பிறகும் கோபம் அப்படியே இருந்தது. ஒருவர் பேரில் இன்னொருவர் மொட்டை போட்டால் சாமி ஏற்றுக்கொள்ளும். நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். என் பழைய கணக்கில் ஏறிய பதக்கங்களை இனி இறக்கவும் முடியாது.

"வாராவாரம் லீவுக்கு வருவ இல்ல? புது அக்கவுன்ட் ஒண்ணு தொற. மொதல்ல இருந்து நான் ஆடுறேன், நீ பக்கத்துல உக்காந்து பாக்கணும். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கோ. வாயத் தொறக்கக் கூடாது."

"எத்தன நாளைக்குக்கா?"

"முடியற வரைக்கும்."

நோய் எனக்குத் தந்த ஒரே இன்பம் அந்த ஞாயிற்றுக்கிழமைகள். ஒரே தாவலில் அவன் கடக்கும் பள்ளத்தில் நான் விழுந்துகொண்டே இருப்பேன். விரலில் உணர்வு முழுதாகத் திரும்பியிருக்கவில்லை. கண்ணால் பார்க்காமலே கை எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியுமே, அது என் விரல்களுக்குப் போயிருந்தது. விரலைப் பார்த்தால் திரை தப்பிவிடும், திரையைப் பார்த்தால் விரல் பொத்தானைவிட்டு நகர்ந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலியில் லோகேஷ் நெளிவான். உதட்டைக் கடிப்பான். அவன் தவிப்பதைப் பார்க்கவே சில தாவல்களை நான் அவசரப்படாமல் செய்தேன். அம்மா டீ கொண்டுவந்தால், "குடிக்கலாமாக்கா?" என்று கேட்பான்.

"ஒரு கை மட்டும் எடு."

பல ஞாயிறுகள் போய், மணிக்கூண்டுக்கு வந்து சேர்ந்தோம். பொத்தானை அழுத்திப் பிடித்தேன். கற்கள் ஒவ்வொன்றாக எழுந்து ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. உச்சிக் கல் கிளம்பும் நேரத்தில் என் கட்டைவிரல் நடுங்கிச் சரிந்தது. லோகேஷின் கை பாய்ந்து வந்து என் விரலைப் பொத்தானோடு சேர்த்து அழுத்தியது. திரையில் பதக்கம் மின்னியது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். "வேணும்னு பண்ணலக்கா. கை தானா வந்துடுச்சு" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

"உன் கை தானாப் போவுது. என் கை சொன்னாலும் போவல. இன்னொரு அக்கவுன்ட் தொற."

"மறுபடி மொதல்ல இருந்தா?"

"மொதல்ல இருந்துதான்."

மூன்றாவது கணக்கில் விரைவாக முன்னேறினேன். பள்ளங்களில் விழுவது குறைந்திருந்தது. நான் திட்டிக்கொண்டிருந்த வாரங்களில் எனக்கே தெரியாமல் விரல்கள் கொஞ்சம் வந்திருந்தன. மறுபடி மணிக்கூண்டு முன்னால் வந்து நின்ற ஞாயிறன்று, லோகேஷ் நான் சொல்லாமலே நாற்காலியை ஓர் அடி தள்ளிப் போட்டுக்கொண்டு, கைகளைத் தொடைக்கு அடியில் நன்றாகச் செருகி உட்கார்ந்தான்.

முதல் தடவை பாதியில் சரிந்தது. அவன் அசையவில்லை. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் மேலே போய்ச் சரிந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டானே தவிர அசையவில்லை. மூன்றாவது தடவை திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். என் கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நகம் வெளுத்திருந்தால் அழுத்துகிறது, சிவந்தால் தளர்கிறது. முன்பெல்லாம் பொத்தானை இப்படிப் பிடித்திருக்கும்போது நேரம் போகவே போகாது. இப்போது நேரம் போகிறதா, நிற்கிறதா என்ற கவலையே இல்லை. கூரையைப் பார்த்துக் கிடந்த நாட்களில் அதைக் கற்றிருந்தேன். நகம் வெளுப்பாகவே இருந்தது. தலையை நிமிர்த்தியபோது மணிக்கூண்டு முழுதாக நின்றது, பதக்கம் வந்து போயிருந்தது.

லோகேஷ் கத்துவான், குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"கைய எடுக்கட்டுமாக்கா?"

"எடு."

எடுத்தான். இரண்டு கைகளும் மடியில் துணிபோல விழுந்தன. "மரத்துப் போச்சுக்கா. எறும்பு ஊருது. என் கை மாதிரியே இல்ல."

"எனக்கும் அப்பிடித்தான் ஆரம்பிச்சுது" என்றேன்.

அவன் முகம் மாறியது. விரல்களை மடக்கப் பார்த்தான், மடங்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு அது சில நிமிடங்களில் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். அவ்வளவு காலமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது, தன் கை சொன்னபடி கேட்காதவனின் அந்த முகத்தைத்தான்.

பிறகு கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, அவன் கைகளை இழுத்து என் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தேன். அவை சூடாக இருந்தனவா, ஜில்லென்று இருந்தனவா என்று எனக்குத் தெரியவில்லை. என் உள்ளங்கைக்கு இன்னும் அந்த வித்தியாசம் வரவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"வந்துடுச்சுக்கா, போதும்" என்று கடைசியில் அவன்தான் சொல்ல வேண்டியிருந்தது.