தெற்கே போகிற வண்டி

ஹனோயின் பழைய பேட்டையில், முதுகில் பையோடு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்குகிற சந்தில்தான் தோவானின் பட்டறை. உள்ளே இரண்டு வண்டியை நிறுத்திவிட்டால் மூன்றாவது ஆள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழையணும். பதினான்கு வருஷமாக அவனுக்கு ஒரே தொழில். நாட்டின் தெற்கே இருக்கும் சைகோனிலிருந்து ஓட்டி வந்தவர்கள் விட்டுப்போகும் பழைய கியர் மோட்டார் வண்டியை வாங்குவான். அதைச் சரிபண்ணி, சைகோனுக்குக் கிளம்பும் அடுத்த பிள்ளைக்கு விற்பான். போய்ச் சேர்ந்தவர்கள் அனுப்பிய போட்டோக்களைச் சுவர் முழுக்க ஒட்டிவைத்திருந்தான். அந்தச் சுவருக்கு அவன் கொடுத்த மரியாதையைத் தன் மாமியாருக்குக் கொடுத்ததில்லை.

சரிபண்ணுவதில் அவனுக்கென்று ஒரு கொள்கை உண்டு. எந்த ரோட்டுக்குப் போகிற வண்டியோ, அந்த ரோட்டுக்கு வேண்டியது மட்டும். தெற்கே பெரும்பாலும் கடலோரச் சமவெளி. சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் ஷூ பாதி தேய்ந்திருந்தாலும் சைகோன் வரைக்கும் தாராளமாகத் தாங்கும். அங்கே வாங்குகிறவன் மாற்றிக்கொள்ளட்டும். இதைத் தோவான் திறமை என்பான். பட்டறை வாசலில் முட்டை ரொட்டி விற்கும் அவன் பெண்டாட்டி லுவா இதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள்.

"பிசினாறித்தனம். நானும் உங்களுக்குச் சாயங்காலம் வரைக்கும் உயிரைப் பிடிச்சு வச்சுக்கிற அளவுக்கு மட்டும் சோறு போடறேன், சம்மதமா?"

யோஹானா என்கிற பின்லாந்துப் பெண் அந்தச் சந்துக்கு வந்தது ஒரு குளிர்காலத்தில். வயது இருபத்து நாலு. ஒரு வாரம் ஏரியைச் சுற்றினாள், குட்டி பிளாஸ்டிக் முக்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து ஐஸ் தேநீர் குடித்தாள். லுவாவிடம் தினமும் ரொட்டி வாங்கி, அவளை 'சித்தி' என்றும் தோவானை 'சித்தப்பா' என்றும் கூப்பிடப் பழகிக்கொண்டாள். ஐந்தாம் நாள் ஒரு கறுப்பு வண்டியைக் காட்டி, வேண்டும் என்றாள். எங்கே போகிறாய் என்று தோவான் கேட்கவில்லை. கோயில் வாசலில் நிற்கிறவனிடம் சாமி கும்பிட வந்தாயா என்று யாராவது கேட்பார்களா?

இரண்டு நாள் சந்துக்குள்ளேயே ஓட்டிப் பழகினாள். செவ்வாய்க்கிழமை விடிகாலை கிளம்பினாள். அவளுடைய பெரிய பையைத் தோவானே பின்னால் கட்டிவிட்டான். "நல்ல வண்டி. ரொம்ப நல்ல வண்டி" என்று தன் பட்டறை ஆங்கிலத்தில் சொல்லி சீட்டைத் தட்டிக்கொடுத்தான்.

பத்து மணிக்கு லுவா ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள். "பாவம், முவாங் தே ஊர்ல இப்ப எலும்பு நடுங்குமாம். என் பழைய கம்பளிச் சட்டையைக் குடுத்து அனுப்பினேன்."

"யாருக்கு?"

"யோஹானாவுக்குத்தான். எல்லாரும் போற எடத்துக்குப் போக வேணாமாம். வடக்க சீன எல்லைக்கிட்ட போறேன்னு மேப்புல காட்டுச்சு. ரெண்டு வாரம் போனைக்கூட அணைச்சு வச்சிருவேன்னு சொல்லுச்சு."

தோவான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். இள வயதில் லாரி ஓட்டியவன் அவன். வடமேற்கு மலையை அவனுக்குத் தெரியும். காவ்பா கணவாயில் மணிக்கணக்காக இறக்கம், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் வெறும் பனிமூட்டம். அந்தக் கறுப்பு வண்டியின் பிரேக் ஷூ எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதை அவன் விரல் மறக்கவில்லை. அவள் நம்பருக்குப் போன் போட்டுப் பார்த்தான். அணைந்துதான் கிடந்தது.

வழியில் நியாலோ ஊரில் சாங் என்று ஒரு பஞ்சர்க் கடைக்காரன் இருந்தான், பழைய சிநேகிதன். அவனிடம் சொன்னால் மடக்கி நிறுத்திவிடுவான். ஆனால் சாங்கின் வாய்க்குப் பூட்டே கிடையாது. சாயங்காலத்துக்குள் மலை முழுக்கத் தோவானின் பிரேக் கதைதான் ஓடும். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன யோசனை?" என்றாள் லுவா. விஷயத்தை அவன் முகத்திலேயே படித்துவிட்டாள். "பேரு போனா வேற பேரு சம்பாதிச்சுக்கலாம். அந்தப் பொண்ணுக்கு வேற உயிரை எந்தக் கடையில வாங்குவீங்க? போடுங்க போனை!"

போட்டான். சாங் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டது. "என்ன அண்ணே, உங்க வண்டிக்கே பிரேக்கு இல்லையா? சுவத்துல ஒட்டியிருக்கிற போட்டோவையெல்லாம் கிழிச்சிரலாமா?" பிறகு அவனே குரலைத் தாழ்த்தி, "கண்ணை ரோட்டுலயே வச்சிருக்கேன், நீங்க கிளம்புங்க" என்றான்.

தோவான் புது பிரேக் ஷூக்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் வண்டியில் கிளம்பினான். வழியில் எங்கேயும் சாப்பிடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே போனான். நியாலோ போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது.

"போயிருச்சு அண்ணே" என்றான் சாங். "நாலு மணி இருக்கும். நடு ரோட்டுல நின்னு ரெண்டு கையையும் ஆட்டினேன். அதுவும் சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டிட்டுப் போயிருச்சு."

தோவானுக்கு அழுகை வராத குறை. அப்போதே கிளம்பப் பார்த்தான். "இருட்டுல நீங்களும் விழுந்தா யாருக்கு லாபம்? அந்தப் பொண்ணு ராத்திரிக்குக் கணவாய்க்கு இந்தப் பக்கம் தூலே ஊர்லதான் தங்கும்" என்று சாங் அவனைப் பிடித்து உட்காரவைத்தான்.

மறுநாள் சூரியன் தலைகாட்டும்போது தோவான் தூலேயில் இருந்தான். கணவாயின் அடிவாரத்தில் ஆவி பறக்கும் ஒட்டரிசிச் சோற்றுக் கடை. வேலியில் சாய்ந்து நின்றது கறுப்பு வண்டி. உள்ளே, லுவாவின் கம்பளிச் சட்டையில், யோஹானா.

"சித்தப்பா! நீங்களும் முவாங் தேக்கா?"

தோவான் வண்டியைக் காட்டி, "பிரேக்கு" என்றான்.

அவள் சிரிப்பு நின்றது. வெட்கத்தோடு காலைத் தூக்கிக் காட்டினாள். செருப்பின் அடிப்பாகம் தேய்ந்து கிழிந்து, குதிகால் தெரிந்தது. "நேத்து ஒரு இறக்கத்துல வண்டி நிக்கவே இல்ல. காலைத் தரையில தேச்சுத் தேச்சுத்தான் நிறுத்தினேன்."

"அப்பவே ஏதாவது பட்டறைல காட்டியிருக்கலாம்ல?"

"நீங்கதான் ரொம்ப நல்ல வண்டின்னு சொன்னீங்களே. எனக்குத்தான் ஓட்டத் தெரியலைன்னு நெனச்சேன்."

தோவான் தரையில் உட்கார்ந்து சக்கரங்களைக் கழற்றினான். பழைய பிரேக் ஷூ ஒன்றை அவளுடைய ஒரு உள்ளங்கையிலும் புதியது ஒன்றை மறு உள்ளங்கையிலும் வைத்தான். ஒன்று அப்பளம், ஒன்று அடை. பிறகு பழையதைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டான். "உனக்கு ஓட்டத் தெரியும். இதை மாத்தாம விட்டது நான்தான். தெரிஞ்சேதான் விட்டேன்."

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்து, சரிவில் மூன்று தடவை தானே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "இப்ப நல்லாப் பிடிக்குது" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் ஏறிக் கிளம்பவில்லை. வண்டியை அவளே சரிவின் உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஏறி உட்கார்ந்து இறக்கத்தில் விட்டுப் பிடித்தாள். திரும்பத் தள்ளிக்கொண்டு ஏறி, மறுபடி விட்டுப் பிடித்தாள். இரண்டு தடவையும் வண்டி அவள் நினைத்த இடத்தில் நின்றது. அப்புறம்தான் பையைத் தானே இழுத்துக் கட்டிக்கொண்டு கணவாய் மேல் ஏறிப் போனாள்.

தோவானுக்குக் கன்னத்தில் அறை வாங்கிய மாதிரி இருந்தது. ஆனாலும், கிளம்பியதிலிருந்து அப்போதுதான் அவனுக்கு ஒழுங்காக மூச்சு விட முடிந்தது. இனி யார் சொல்லையும் நம்பி அவள் மலை இறங்கமாட்டாள்.