ஸ்டூல் ஏறாத கழுகுக்காரர்

“டார்ச்சை ஆட்டாதே, ரிவெட் தெரியலை.”

கண்ணாடிக்காரர் சாப்பாட்டு மேஜையில் குனிந்திருக்கிறார். கடையில் மூக்குக் கண்ணாடிகளுக்குக் குட்டித் திருகாணி முடுக்கும்போது கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ், வீட்டிலும் அதே கண்ணில். எதிரே ஒரு பழைய பனியன் துணி. அதன் மேல் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது, இரண்டாம் உலகப்போரில் விமானத்திலிருந்து குதித்த ஜெர்மன் பாராசூட் வீரன் எவனோ ஒருவனுடைய பேட்ஜ். பக்கத்தில் டார்ச்சோடு மனைவி. அடுப்பில் பால் இருக்கிறது. அது பொங்கி வழிந்தால் அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இலை வளையத்துக்குள் தலைகுப்புறப் பாய்கிற கழுகு. இப்படிப் பழைய பேட்ஜாகத் தேடிச் சேர்க்கிற இவர், அழகான அந்த முன்பக்கத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. “பின்பக்கம்தான் உண்மை பேசும்” என்பார். கழுகு தனி, வளையம் தனி, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க இரண்டு ரிவெட். ஒரே வார்ப்பாக இருந்தால் போலி என்று உதட்டைப் பிதுக்குவார். பிதுக்கிவிட்டு அதையும் பத்திரமாக டப்பாவில் வைப்பார்.

“போலின்னு தெரிஞ்சும் எதுக்குங்க?”

“போலி இருந்தாத்தானே ஒரிஜினல் எதுன்னு தெரியும்?”

இதற்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம். அடித்துக்கொண்டும் ஆயிற்று.

வீட்டில் எந்தப் பொருள் நுழைந்தாலும் முதுகைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும் இவருக்கு. சம்பந்தி ஆசையாகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை அவர் கண்ணெதிரிலேயே கவிழ்த்துப் பார்த்து, “ம்ஹும்” என்றார். அன்றைக்கு அவளுக்கு மானமே போயிற்று.

கழுகின் காலில் நாஜிகளின் அந்த ஸ்வஸ்திகா இருக்கிறது. வருகிறவர்களிடம் காட்டும்போது அதன் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொள்வார். “அதை விடுங்க. எவ்வளவு உயரத்துலேருந்து குதிச்சிருக்கான், அதைப் பாருங்க!”

“குதிச்சு யார் தலையில இறங்கினான்னும் பாக்கணுமில்ல?” என்பாள் அவள், சமையலறையிலிருந்தே. கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் அழுந்தும்.

இவ்வளவு பேசுகிறவர் ஸ்டூல் மேல் ஏறமாட்டார். ஏறினால் உள்ளங்கால் கூசுகிறதாம். பல்பு மாற்றுவது, ஒட்டடை அடிப்பது, பரணில் சாமான் ஏற்றுவது எல்லாம் அவள் தலையில். இவர் கீழே நின்று, “பாத்து, பாத்து” என்று மட்டும் சொல்வார்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடல் தாண்டி இருக்கிற மகளுக்கு இந்த மாதக் கடைசியில் பிரசவம். விமானத்தைத் தவிர வேறு வழியில்லை. “அப்பாவும் வரணும்மா. சும்மா பக்கத்துல உக்காந்திருந்தாக்கூடப் போதும்” என்று போனில் அழுதாள் மகள். அதைச் சொன்ன நாளிலிருந்து இவருக்குக் கடையில் திடீரென்று தலைக்கு மேல் வேலை.

இன்றைக்குப் பால் பொங்கியே விட்டது. அவள் ஓடினாள், வீங்கிய முழங்கால் மேஜையில் இடித்தது. உயிர் போகிற வலி. அதோடு பொறுமையும் போயிற்று.

“குதிச்சவன் பேட்ஜெல்லாம் வேணும், பெத்த பொண்ணைப் பாக்கப் போக முடியாதா? உங்களை யாரும் குதிக்கச் சொல்லலையே! ஸீட்டுல உக்காரத்தானே சொல்றாங்க?”

அவர் பேட்ஜைத் திருப்பினார். திரும்பவும் திருப்பினார்.

“சரி, நான் மட்டும் போறேன். இந்த முழங்காலோட என்னால ஏற முடியாது. யாரையாவது கூப்பிட்டுப் பரண்லேருந்து அந்தச் சின்னப் பெட்டியை இறக்கி வைங்க.”

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது படுக்கையறையிலிருந்து கரகரவென்று சத்தம். போய்ப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் ஸ்டூல் மேல் நிற்கிறார். கண்களை இறுக மூடியிருக்கிறார். ஒரு கை பரண் விளிம்பைப் பிடித்திருக்கிறது. ஸ்டூல் கடகடவென்று ஆடுகிறது.

“ஐயோ, இறங்குங்க! விழுந்து வைக்கப்போறீங்க!”

“எப்படி இறங்கறதுன்னுதான் தெரியலை. நீ ஸ்டூலைப் பிடி.”

திட்டிக்கொண்டே பிடித்தாள். அவர் பரணுக்குள் கையைவிட்டுத் துழாவினார்.

“கைக்குப் பக்கத்துலதான் இருக்கு, அந்தச் சின்னது! ஒருத்திக்கு அது போதும்!”

கண்ணைத் திறக்காமலேயே சின்னப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பின்னால் இருந்த பெரிய பெட்டியின் பிடியை அவர் இழுத்தார்.