சட்டைக்குள் தூங்கும் பாம்பு

வெண்டெல் க்ரூபா பெயரைச் சொன்னால் ஈரி நகரத்தில் பாம்பு வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். எந்த முரட்டுப் பாம்பும் அவர் கைக்குப் போனால் அடங்கிவிடும். அட்டைப்பெட்டி ஆலையில் முப்பது வருடம் மாடாக உழைத்தவருக்கு ஊரில் கிடைத்த ஒரே மரியாதை அது. பாம்பு பயப்படுகிறது என்று யாராவது வந்து நின்றால் அவர் ஒரே பதில்தான் வைத்திருப்பார்: "பாம்பு மேல தப்பு இருக்காதுப்பா. கையில இருக்கும்."

மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்ப் பதினெட்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு அவரைத் தொட்ட ஒரே உயிர் டாட்டி. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சின்ன மலைப்பாம்பு இனம். சாயங்காலம் டிவியில் ஹாக்கி பார்க்கும்போது அவர் கழுத்தில் கிடப்பாள். முப்பத்தோரு வயதில், போன மார்ச்சில் செத்துப்போனாள். வெண்டெல் அழவில்லை, ஆனால் ஹாக்கி பார்ப்பதை நிறுத்திவிட்டார். தன்னைத் தொட ஓர் உயிர் வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அதை வாய்விட்டுச் சொல்லும் ஆள் இல்லை அவர்.

அக்டோபரில் மார்சி ஆஸ்ட்ராண்டரிடம் ஒரு வயதுக் குட்டியை வாங்கிவந்தார். அவள் தன் வீட்டு நிலவறையில் பாம்புகளைக் குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறவள், இருபது வருடச் சிநேகிதி. குட்டிக்கு நிக்கல் என்று பெயர் வைத்தார். புதிதாக வந்த பாம்பை முதல் வாரம் தொடக் கூடாது. அதற்குப் பதிலாக, ஒருநாள் முழுக்க உடுத்திய சட்டையைத் துவைக்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுவைப்போம். நம் வாசனை அதற்குப் பழகட்டும் என்று பாம்பு வளர்க்கிற நாங்கள் எல்லோரும் செய்வதுதான். நிக்கல் இரண்டே நாளில் சட்டைக்குள் குடிபுகுந்துவிட்டான். சுண்டெலியும் தின்றான். தின்றது செரிக்க இரண்டு நாள் விட்டு, வெண்டெல் கையை உள்ளே நீட்டினார்.

நிக்கல் சீறினான், கடித்தான், பந்தாகச் சுருண்டான். ஊசி குத்தியது போல நாலு பொட்டு ரத்தம். வலி பெரிதில்லை. அவமானம்தான் தாங்கவில்லை.

பெட்டியின் மூன்று பக்கமும் கறுப்புக் காகிதம் ஒட்டினார். சூட்டை இரண்டு டிகிரி ஏற்றினார். ஒளிந்துகொள்ள இன்னொரு பொந்து வைத்தார். ஐந்து வாரம் போயிற்று. சட்டைக்குள் நிம்மதியாகத் தூங்குகிறவன், கை உள்ளே வந்தால் மட்டும் பந்தாகிவிடுவான். வெண்டெலுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. காலையில் காப்பிக் கோப்பையை வழக்கம்போலப் பாதிக்கு நிரப்பிக்கொண்டு, இது பிறவிக் கோளாறு என்று முடிவுகட்டினார்.

பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, நிக்கலைத் தலையணை உறையில் போட்டுக் கட்டி மார்சியிடம் கொண்டுபோனார்.

"இது சரிப்பட்டு வராது. வேற குடு."

மார்சி உறையை அவிழ்த்தாள். நிக்கல் வழுக்கிக்கொண்டு வந்து அவள் மணிக்கட்டில் சுற்றி, சாவகாசமாக முழங்கைக்கு ஏறினான்.

"என்ன கிழவா, இந்தப் பூனைக்குட்டிக்கா பயந்துட்ட? எங்க, நீ வாங்கு பாப்போம்."

வெண்டெல் இரண்டு கையையும் நீட்டினார். நிக்கல் நாக்கை நீட்டிப் பார்த்தான், கழுத்தைப் பின்னுக்கு இழுத்தான், அவள் கையிலேயே பந்தாகிவிட்டான். மார்சி பாம்பைப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளா இப்படி ஆடுது, வெண்டெல்?"

அவர் குனிந்து தன் விரல்களைப் பார்த்தார். கொதிக்கும் கெட்டிலின் மூடி மாதிரி துடித்துக்கொண்டிருந்தன.

"குளிரு," என்றார்.

பாம்புகளுக்காகச் சூடேற்றிய நிலவறை அது. இருவர் நெற்றியிலும் வியர்வை.

"டாட்டி ஒண்ணுமே பண்ணலையே, மார்சி."

"கொஞ்சம் கொஞ்சமா வந்திருக்கும். அவளும் கூடவே பழகியிருப்பா."

அவர் ஊருக்கெல்லாம் சொன்ன அந்த வாக்கியம் அவள் நாக்குவரை வந்திருக்கும். சொல்லவில்லை, புண்ணியவதி. எதற்கும் அசையாத வயதான பாம்பு ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ, டாக்டரையும் பார் என்று மட்டும் சொன்னாள். வெண்டெல் தலையாட்டினார். ஆனால் நிக்கலைத்தான் திரும்ப உறைக்குள் போடச் சொன்னார்.

"அது என் சட்டையிலதான் தூங்குது," என்றார்.

வீட்டில் உறையைப் பெட்டிக்குள் வைத்து அவிழ்த்துவிட்டதும் நிக்கல் நேரே சட்டைக்குள் போனான். துணிக்கு மேலாக, மெல்ல, வெண்டெல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அடியில் அவன் இறுகினான். கையை எடுத்துவிட்டார். டாட்டி எத்தனை வருடம் இந்த நடுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு கழுத்தில் கிடந்தாளோ என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

இப்போது ஞாயிறுதோறும் ஒரு சட்டையைக் காலையிலிருந்து உடுத்தியிருந்து, கழற்றி, பெட்டிக்குள் மாற்றிப் போடுகிறார். நிக்கல் பொந்துக்குள் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போடுகிறார். கையைக் கண்டால் பயந்துவிடுவான்.